ஸ்டிக்கர் இல்லாத 917

பந்தயக் காரின் மாதிரியைச் செய்கிறவர்களுக்கு ஸ்டிக்கர் ஒரு பெரிய வரம். பட்டி சரியாகப் பிடிக்காத இடம், உப்புத்தாள் கொஞ்சம் ஆழமாக இழுத்துவிட்ட கோடு, பெயின்ட் அடிக்கும்போது வந்து ஒட்டிக்கொண்ட தூசி எல்லாம் பந்தய எண்ணுக்கும் எண்ணெய் நிறுவனத்தின் பெயருக்கும் அடியில் சத்தமில்லாமல் போய்விடும். இந்த முறை நான் எடுத்துக்கொண்டது பந்தயத்துக்காகப் பிறந்து, பிறகு நம்பர் பிளேட் மாட்டிக்கொண்டு பொதுச் சாலையில் ஓடிய போர்ஷே 917. அதன் மேல் எண்ணும் கிடையாது, விளம்பரமும் கிடையாது, தலை முதல் வால் வரை வெறும் வெள்ளி நிறந்தான். 1/24 அளவில் ஒரு வெள்ளிக் காரைச் செய்து முடிக்க எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. அதில் ஏறத்தாழ மூன்று மாதங்கள், செய்ததை அழித்து மறுபடி செய்ததில் போனவை.

முதலில் அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் வேலை எல்லாம் அதன் வரலாற்றைப் பின்பற்றித்தான் நடந்தது. 917இன் சேசிஸ் எண்களில் 030 என்ற வண்டி 1971இல் ஆஸ்திரியாவின் ஆஸ்டெரைஷ்ரிங் களத்தில் நடந்த 1000 கிலோமீட்டர் பந்தயத்தில் மார்டினி அணிக்காக ஓடியது. ஹெல்முட் மார்க்கோவும் ஜெரார்ட் லாரூஸும் ஓட்டிய அந்த வண்டியில், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பைப் பரிசோதனையாகப் பொருத்தியிருந்தார்கள். வண்டி பந்தயத்தை முடிக்கவில்லை. அதன் பந்தய வாழ்க்கை அவ்வளவுதான். அந்த அணிக்குப் பணம் கொடுத்த மார்டினி ரோஸி மதுபானக் குடும்பத்தைச் சேர்ந்த கிரிகோரியோ ரோஸி டி மோன்டெலேரா என்ற பிரபு, தனக்குச் சாலையில் ஓட்டுவதற்கு ஒரு 917 வேண்டும் என்று போர்ஷேயிடம் கேட்டார். நிறுவனமும் 030ஐ எடுத்துச் சைலன்சர்களைக் கூட்டி, கண்ணாடி, இண்டிகேட்டர், ஹாரன் மாட்டி, உள்ளே ஹெர்மெஸ் நிறுவனத்தின் பழுப்புத் தோலைப் போர்த்திக் கொடுத்தது. 1975 ஏப்ரல் 28 அன்று அவர் ஸ்டுட்கார்ட்டிலிருந்து பாரிஸுக்கு அதை ஓட்டிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்.

ஐரோப்பாவில் இதற்குப் பதிவு கிடைக்கவில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலம், அந்த வண்டியை அலபாமா சாலைகளில் ஒருபோதும் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு பதிவு எண் கொடுத்தது என்பது இந்தக் காரைப் பற்றி எல்லோரும் விரும்பிச் சொல்லும் செய்தி. பிளேட்டில் இருக்கும் எண் 61-27737. அலபாமாவின் பழக்கப்படி முதலில் வரும் எண் மாவட்டத்தைக் குறிக்கும், 61 என்பது டல்லடீகா. அதே 1975இல், அதே டல்லடீகாவின் நீள்வட்டக் களத்தில்தான் மார்க் டோனஹ்யூ 917/30 என்ற வண்டியில் மணிக்கு 355 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி தொடங்கிய இடத்துக்கே திரும்பும் சுற்றுக் களத்துக்கான வேகச் சாதனை படைத்தார். 917/30 என்பது வட அமெரிக்கக் கான்-ஆம் பந்தயத்துக்காகச் செய்த, கூரையில்லாத டர்போ ரகம். 917-030 என்பது நம் வெள்ளிக் காரின் சேசிஸ் எண். இரண்டையும் குழப்பிக்கொண்டு உதிரிப் பாகம் வாங்கியவர்கள் உண்டு, அவர்களில் நானும் ஒருவன். கான்-ஆம் வண்டிக்கான சக்கரத் தொகுதி ஒன்று இன்னும் என் மேசையறையில் பிரிக்காமல் கிடக்கிறது.

இந்த மாற்றத்தில் எனக்குப் பிடித்தது அது எவ்வளவு சிறியது என்பதுதான். ஃபார்முலா பந்தயக் கார் ஒன்றைச் சாலைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் விளக்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நீண்டதூரப் பந்தயக் காரோ இரவிலும் மழையிலும் ஓடியே ஆக வேண்டியது. அதனால் ஹெட்லைட், பின் விளக்கு, வைப்பர் எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. அக்கால விதிகளின்படி பெயருக்காவது இரண்டாவது இருக்கையும் ஒரு ஸ்டெப்னியும் இருந்தாக வேண்டும். ஆக, சட்டம் கேட்பதில் பாதி அதனிடம் முன்பே இருந்தது. மற்றபடி அது பந்தயத்தில் இருந்த அதே வண்டிதான்: அலுமினியக் குழாய்களைப் பற்றவைத்த சட்டம், கண்ணாடி நாரிழை உடல், காற்றால் குளிரும் 12 சிலிண்டர் எஞ்சின், முன் அச்சுக்கும் முன்னால் நீண்டிருக்கும் ஓட்டுநரின் பாதங்கள். 5 லிட்டர் எஞ்சின் வைத்த 917 சுமார் 630 குதிரைத்திறன் தரும், எடையோ 800 கிலோவைச் சுற்றித்தான். இந்த வண்டியின் பெடல்கள் இருக்கும் இடத்தை எண்ணிப் பார்த்தால், முன்னால் போகும் லாரி திடீரென்று பிரேக் அடித்தபோதெல்லாம் அந்தப் பிரபு என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

மாற்றம் சிறியது என்பது மாதிரி செய்கிறவனுக்குச் சௌகரியம் என்று நினைத்தேன், ஆனால் அது தவறான கணக்கு. பந்தயக் காருக்கும் இந்தக் காருக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் ஏழெட்டுப் பாகங்கள் மட்டுமே என்றால், அந்த ஏழெட்டில் ஒன்று பிசகினாலும் மேசையில் நிற்பது ஸ்டிக்கர் ஒட்ட மறந்துபோன பந்தயக் கார் ஆகிவிடும்.

நான் எடுத்துக்கொண்டது 917இன் குட்டை வால் ரகத்துக்கான பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய ஒரு ஜப்பானியப் பெட்டி. சக்கரங்களின் மையங்களுக்கு இடையிலான தூரம் அசல் காரில் 2,300 மில்லிமீட்டர், 24ஆல் வகுத்தால் 95.8. அடித்தட்டில் அச்சுகளைச் செருகி வெர்னியர் வைத்து அளந்தபோது 96க்கு ஒரு மயிரிழை குறைவாகக் காட்டியது. அளவைப் பொறுத்தவரை குறை சொல்ல முடியாது. குறை பின் உடலில் இருந்தது. 1971 ரகத்துக்கு உரிய செங்குத்துத் துடுப்புகள் இரண்டைத் தனிப் பாகமாகக் கொடுத்து, அவற்றைச் செருக வாலின் மேல் நீளமான பிளவுகள் வெட்டியிருந்தார்கள். ரோஸியின் காரில் அந்தத் துடுப்புகள் இல்லை. ஆகவே பிளவுகளை அடைக்க வேண்டும், அடைத்த சுவடு தெரியக் கூடாது.

முதல் முயற்சியில் பிளாஸ்டிக் பட்டையைப் பிளவில் திணித்து, மேலே கார் பட்டறைகளில் பூசும் அதே பட்டியைப் பூசி, 400, 800, 1200 என்று வாட்டர் பேப்பரை ஏற்றிக்கொண்டே போனேன். விரலால் தடவினால் ஒன்றும் தெரியவில்லை, சாம்பல் பிரைமருக்குப் பிறகும் தெரியவில்லை. வெள்ளி அடித்து ஒரு வாரம் கழித்துச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தபோது, இரண்டு துடுப்புகளுக்கும் உரிய இடம் புதைகுழி போல மெல்லிதாக உள்வாங்கித் தெரிந்தது. காரணம் எளியது. பட்டியும் பிளாஸ்டிக்கும் ஒரே கடினம் உடையவை அல்ல. தேய்க்கும்போது மென்மையான பொருள் கொஞ்சம் கூடுதலாகத் தேயும், உள்ளே எஞ்சிய ஈரம் காயும்போது அது மேலும் சுருங்கும், மேலே வரும் பெயின்டின் தின்னர் ஓரத்தைக் கடித்து அந்த எல்லைக்கோட்டை வரைந்து காட்டிவிடும். வேறு எந்த நிறமும் இதை ஓரளவு மன்னிக்கும், வெள்ளி மன்னிக்காது.

இரண்டாவது முறை பட்டியையே விட்டுவிட்டேன். பெட்டியில் பாகங்கள் மாட்டியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தின் மிச்சத் துண்டுகளை நகம் அளவுக்கு நறுக்கி, திரவப் பசைப் புட்டி ஒன்றில் போட்டு இரவு முழுவதும் வைத்தால், அவை கரைந்து தேன் பதத்துக்கு வரும். அது பூசப்படும் உடலும் அதே பிளாஸ்டிக், பூசும் களியும் அதே பிளாஸ்டிக் என்பதால் காய்ந்த பிறகு இரண்டும் ஒரே பொருளாகிவிடும், தேய்க்கும்போது ஒரே வேகத்தில் தேயும். ஒரே விலை பொறுமை. நான் மூன்று வாரம் தொடாமல் வைத்தேன். பத்தாம் நாளில் நகத்தால் அழுத்திப் பார்த்தபோது குழி விழுந்தது, அவசரப்பட்டிருந்தால் முதல் கதைதான் திரும்பியிருக்கும். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு ஒரு மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, வாலின் வளைவுக்குக் குறுக்கே மட்டும் இழுத்துத் தேய்த்தேன். நீளவாக்கில் தேய்த்தால் பிளவு இருந்த தடத்திலேயே தாள் ஓடிப் பள்ளம் பறிக்கும்.

வெள்ளி நிறத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அசல் கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் வெள்ளியை அடித்தால் மினுங்கும் துகள்கள் 1/24 அளவுக்கு மணல் போலத் தெரியும், ஆகவே மாதிரிகளுக்கென்றே அரைத்த மிக நுண்ணிய துகளுள்ள லாக்கர் பெயின்டைத்தான் நாட வேண்டும். கீழே பளபளக்கும் கறுப்பு, அந்தக் கறுப்பை 2000 எண் தாளால் தண்ணீரில் தேய்த்துச் சமமாக்கிய பிறகு, பெயின்டைக் காற்றால் தூவும் ஏர்பிரஷில் அழுத்தத்தைக் குறைத்து நான்கு மெல்லிய படலங்களாக வெள்ளி. கறுப்பில் தெரியும் ஒவ்வொரு மேடுபள்ளமும் வெள்ளியில் இரண்டு மடங்காகத் தெரியும் என்பதால் உழைப்பில் பாதி கறுப்பில்தான் போனது. இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

நான் இருப்பது கடலோர ஊர். வெள்ளிக்கு மேல் நிறமற்ற மேல்பூச்சு அடிக்க நான் தேர்ந்தெடுத்த நாள் ஐப்பசியில் ஒரு மாலை, மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, காற்று ஈரத் துணி போல இருந்தது. நல்ல புத்தி இருந்திருந்தால் அன்று அடித்திருக்க மாட்டேன். முதல் படலம் விழுந்த இரண்டு நிமிடத்தில் முன் மூடியின் மேல் பால் தெளித்ததுபோல வெண்மை படர்ந்தது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் நீர் அதன் மேல் படிந்து லாக்கருக்குள் சிக்கிக்கொள்வதால் வருவது இது. நம்மூர் பெயின்டர்கள் பெயின்ட் பூத்துப் போச்சு என்பார்கள். பதறிப்போய் அதன் மேலேயே கனமாக இன்னொரு படலம் அடித்தேன். ஈரம் அதிகமானதும் கீழே இருந்த வெள்ளித் துகள்கள் மிதந்து நகர்ந்து, கதவின் மேல் மேகம் மேகமாகத் திட்டுகள் விழுந்தன. பூத்துப் போனதை மெதுவாக உலரும் தின்னரைப் பனி போலத் தூவி மீட்டுவிடலாம். துகள் நகர்ந்ததை மீட்க முடியாது. உடல் முழுவதையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் இரவெல்லாம் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்து, கறுப்பிலிருந்து திரும்பத் தொடங்கினேன்.

தை மாதம் வரை காத்திருந்தேன். ஈரமானி 55 விழுக்காட்டுக்குக் கீழே காட்டிய ஒரு முற்பகலில், முதல் இரண்டு மேல்பூச்சையும் கிட்டத்தட்ட உலர்ந்த தூசாக விழவிட்டு, அது வெள்ளியைப் பூட்டிக்கொண்ட பிறகுதான் மூன்றாவதை ஈரமாக அடித்தேன். இம்முறை நின்றது.

உடல் காயக் காத்திருந்த நாட்களில் உள்பக்கத்தை முடித்தேன். தோல் வேலைக்கு உண்மையான தோலையே மெலிதாகச் சீவி ஒட்டலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். செய்து பார்த்தேன், பார்ப்பதற்கு யானைத் தோல் இருக்கை போல இருந்தது. அரை மில்லிமீட்டர் தடிமன் என்பது அசலில் 12 மில்லிமீட்டர் ஆகிறது, ஒரு தோல்சுருக்கம் விரல் அகலத்துக்கு வந்துவிடுகிறது. இந்த அளவில் தோலைத் தோலால் காட்ட முடியாது, ஒளியால்தான் காட்ட முடியும். பழுப்புக்கு நான் கலந்தது மூன்று பங்கு மஞ்சள் மண் நிறம், ஒரு பங்கு செம்பழுப்பு, ஒரு சொட்டு வெள்ளை. அதை மங்கலாக அடித்து, அமரும் இடத்திலும் முதுகு சாயும் இடத்திலும் மட்டும் அரைப் பளபளப்பைத் தூரிகையின் பக்கவாட்டால் தேய்த்தேன். மடிப்புகளில் நீர்த்த செம்பழுப்பு ஓடவிட்டேன். ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தால் தோல்தான்.

917 வலப்பக்கம் ஓட்டும் வண்டி, கியர்த் தண்டும் ஓட்டுநரின் வலக்கைப் பக்கமே. எடையைக் குறைக்க அதன் குமிழைப் பால்சா மரத்தில் செய்தார்கள். அசல் பால்சாவே என்னிடம் இருந்தும் பயன்படவில்லை, ஒரு மில்லிமீட்டர் உருண்டையாகக் கடையும்போது நார் நாராகப் பிய்ந்துபோனது. கடைசியில் கை கொடுத்தது தென்னை ஈர்க்கு. நுனியை நெருப்பில் லேசாக வாட்டி, துளைக்கருவியின் வாயில் பிடித்துச் சுழலவிட்டு, 1000 எண் தாளில் தொட்டுத் தொட்டு உருண்டையாக்கினேன். வாட்டியதால் வந்த வெளிர்பழுப்பு நிறமே மரத்துக்குப் போதுமானதாக இருந்தது, பெயின்ட் அடிக்கவில்லை. உள்பக்கத்தில் பெயின்ட் இல்லாத ஒரே பாகம் அதுதான்.

எஞ்சினில் நான் செய்தது கொஞ்சம். பின் மூடியின் திறப்பு வழியே மேலிருந்து தெரிவது படுத்தவாக்கில் சுழலும் அந்தப் பெரிய குளிர்விப்பு விசிறியும் அதன் இரு பக்கமும் ஓடும் குழாய்களும் மட்டுமே. நீளமான வளைதண்டு முறுக்கி அதிர்வதைத் தவிர்க்க இந்த எஞ்சினில் சக்தியை முனையிலிருந்து எடுக்காமல் நடுவிலிருந்து எடுக்கிறார்கள், விசிறிக்கும் அங்கிருந்தே சாய்பற்சக்கரங்கள் வழியாகச் சுழற்சி போகிறது. சிலிண்டருக்கு இரண்டு என்று மொத்தம் 24 ஸ்பார்க் பிளக். பக்கத்துக்கு ஆறாக மேலே இருக்கும் 12 பிளக்குகளுக்கு மட்டும் 0.3 மில்லிமீட்டர் கம்பி இழுத்தேன், கீழே உள்ள 12க்கும் இழுத்துவிட்டு அதை யாரும் பார்க்க முடியாமல் மூடிவைக்கும் துறவு மனம் எனக்கு இல்லை.

கூடுதல் சைலன்சர்கள் அப்படி விடக்கூடியவை அல்ல, ஏனென்றால் பின்னாலிருந்து பார்ப்பவருக்கு இது சாலைக் கார் என்று நம்பர் பிளேட்டுக்கு அடுத்தபடியாகச் சொல்வது அவைதான். அலுமினியக் குழாயை நறுக்கி, இரு முனைகளையும் பிளாஸ்டிக் வட்டுகளால் மூடி, பற்றவைத்த தழும்புக்காக நடுவே, பிளாஸ்டிக் சட்டத் துண்டை மெலிதாக இழுத்தெடுத்த இழையைச் சுற்றி ஒட்டினேன். புதிதாகப் பளபளத்ததைக் குறைக்க மெழுகுவத்திச் சுடரின் மேல் காட்டிக் கரியேற்றி, கரியைத் துணியால் பாதி துடைத்தேன். பெட்டியில் கொடுத்திருந்த திறந்த குழாய்களை இவற்றோடு சேர்க்கும் கோணம் மூன்று முறை தவறியது, கடைசியில் ஈயக் கம்பியை வளைத்து மாதிரி எடுத்துக்கொண்டுதான் குழாயை வெட்டினேன்.

பக்கக் கண்ணாடிகளைப் பிளாஸ்டிக் சட்டத் துண்டில் அரம் போட்டு வடித்து, முகப்பில் குரோம் தாளை ஒட்டினேன். இண்டிகேட்டருக்கு எபாக்ஸிப் பசையை ஒரு சொட்டு மெழுகுத் தாளில் விட்டு, குவிந்த வில்லையாக உறைந்ததும் பெயர்த்தெடுத்து, பின்புறம் ஒளிபுகும் ஆரஞ்சைப் பூசிப் பதித்தேன். முன்புறம் பூசினால் அது பொட்டு போலத் தெரியும், பின்புறம் பூசினால் ஆழம் கிடைக்கும். இடக் கண்ணாடி வேலையின் நடுவே என் சட்டைக் கையில் பட்டு இரண்டு முறை பறந்தது. இரண்டாவது முறை அதைத் தரையில் தேடிக் கண்டுபிடிக்க வீட்டில் எல்லோரும் குனிய வேண்டியிருந்தது. அதன் பிறகு தண்டுக்குள் துளையிட்டு ஒரு பித்தளை ஊசியைச் செருகி, கதவுக்குள்ளும் அதே ஊசியை இறக்கிவிட்டேன். பசையை மட்டும் நம்பி ஒட்டியதற்கு அது தண்டனை.

கடைசியாக நம்பர் பிளேட். அமெரிக்கப் பிளேட்டின் அளவு 12 அங்குலத்துக்கு 6 அங்குலம், நம் கணக்கில் 12.7க்கு 6.35 மில்லிமீட்டர். வீட்டு அச்சுப்பொறியில் எடுத்த முதல் பிரதி, மேல்பூச்சு பட்டதும் மை கரைந்து அழிந்தது, ஏனெனில் அது நீர் மை. ஜெராக்ஸ் கடையில் லேசர் அச்சாக எடுத்த தாளைக் குளிர்பானக் கேனிலிருந்து வெட்டிய தகட்டில் ஒட்டி, விளிம்புகளைப் பேனா முனையால் உள்ளிருந்து அழுத்தி, அச்சடித்த தகட்டுக்கு இருக்கும் மெல்லிய புடைப்பைக் கொண்டுவந்தேன். எண்களையும் புடைக்க வைக்கப் பார்த்தேன். 61 சரியாக வந்தது, 27737இல் நடு 7 கிழிந்தது. மூன்றாவது தகட்டில் எண்களைத் தட்டையாகவே விட்டுவிட்டேன்.

பின் உடலில் அதை ஒட்ட சூப்பர் பசையைத் தொடவில்லை, அதன் புகை வெள்ளியின் மேல் வெண்படலம் போட்டுவிடும். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையை ஊசி முனையில் தொட்டு நான்கு புள்ளி வைத்து, பிளேட்டைப் பல் குச்சியால் நகர்த்தி நிறுத்தினேன். காய்ந்த பிறகு பார்த்தால் இடப்பக்கம் கால் மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. ஈரப் பஞ்சை ஐந்து நிமிடம் வைத்துப் பெயர்த்து, இரண்டாம் முறை ஒட்டினேன்.